மார்த்தாண்டம் சர்வரிலிருந்து நாகர்கோவில் ஆரக்கிளுக்கு: நேட்டிவ் கிளையன்டை எப்படி அமைப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனம். தலைமை அலுவலகம் நாகர்கோவிலில். அங்கே ஒரு விண்டோஸ் சர்வரில் ஆரக்கிள் 11ஜி ரிலீஸ் 2 பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மார்த்தாண்டம் குடோனில் புதிதாக உபுண்டு 24.04 சர்வர் ஒன்று வைத்து, பைத்தானில் ஒரு சின்ன வெப் அப்ளிகேஷன் எழுதியிருக்கிறார்கள். குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து ஷீட் வந்து இறங்கியதும் எடை, கிரேடு, விலை எல்லாம் அங்கிருந்தே நாகர்கோவில் டேட்டாபேஸில் ஏற வேண்டும். ஆரக்கிள் கிளையன்ட் (டேட்டாபேஸோடு பேச உதவும் ஆரக்கிளின் லைப்ரரித் தொகுப்பு) எதுவும் போடாமல் இணைத்தபோது டிபிஒய்-3010 என்று வந்தது. இருப்பதிலேயே புதிய கிளையன்டைப் போட்டதும் ஓரா-03134. பிறகு 19 வரிசை கிளையன்டைப் போட்டதும் எஸ்க்யூஎல் பிளஸ் (கட்டளை வரியில் டேட்டாபேஸோடு பேசும் கருவி) நன்றாக இணைகிறது, ஆனால் அப்ளிகேஷனை சர்வீஸாக ஓட விட்டால் டிபிஐ-1047. இதோடு எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது ஒரே கோளாறு உருமாறி உருமாறி வருவது அல்ல. முதல் இரண்டு எர்ரரும் வெர்ஷன் பொருந்தாததால் வந்தவை. மூன்றாவது, லைப்ரரியை சர்வீஸால் கண்டுபிடிக்க முடியாதது. நான்காவது எழுத்துக்குறி அமைப்பு. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் தீர்க்க வேண்டும். எதையாவது மாற்றி எதையாவது ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதில் ஒரு வாரம் போய்விடும்.

வெர்ஷன் விஷயம் இப்படி. பைத்தானுக்கான ஆரக்கிள் டிரைவர் பைத்தான்-ஆரக்கிள்டிபி என்ற பெயரில் 2022-ல் வந்தது. அதற்கு முன் இருந்த சிஎக்ஸ்_ஆரக்கிளின் அடுத்த வடிவம்தான் அது. அதில் தின், திக் என்று இரண்டு முறைகள் உண்டு. தின் முறைக்கு ஆரக்கிளின் சி லைப்ரரி எதுவும் தேவையில்லை, டிரைவரே சர்வரோடு நேரடியாகப் பேசும். ஆனால் அது 12.1 அல்லது அதற்கு மேற்பட்ட டேட்டாபேஸோடு மட்டும்தான் பேசும். உங்களுடையது 11.2 என்பதால் டிபிஒய்-3010 வந்தது. எனவே உங்களுக்கு திக் முறைதான், அதாவது நேட்டிவ் கிளையன்ட் கட்டாயம். அந்த கிளையன்டிலும் கணக்கு உண்டு: 23 வரிசை கிளையன்ட் 19 அல்லது அதற்கு மேற்பட்ட டேட்டாபேஸோடு மட்டும் பேசும், 21 வரிசை 12.1-லிருந்து, 19 வரிசை 11.2-லிருந்து. "புதியது எல்லாவற்றோடும் பேசும்" என்று நினைப்பது இயல்புதான், ஆனால் ஆரக்கிள் கிளையன்டில் அது செல்லாது. நீங்கள் இப்போது வைத்திருக்கும் 19 சரியான தேர்வு, அதைத் தொடாதீர்கள்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டன்ட் கிளையன்டில் (நாம் போடும் நேட்டிவ் கிளையன்ட் இதுதான்) பேசிக், பேசிக் லைட் என்று இரண்டு பேக்கேஜ்கள் உண்டு. லைட்டில் எர்ரர் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டும், எழுத்துக்குறி அமைப்புகளும் சிலதான். யூனிகோட் அதில் அடக்கம் என்பதால் தமிழுக்கு லைட்டே போதும். ஆனாலும் வட்டில் இடம் இருக்கும்போது பேசிக் எடுங்கள். டேட்டாபேஸ் எந்த எழுத்துக்குறி அமைப்பில் இருக்கிறதென்று தெரியாத பழைய இடங்களில் லைட் பின்னால் காலை வாரும். எஸ்க்யூஎல் பிளஸ் பேக்கேஜும் கூடவே இருக்கட்டும். இணைப்பைச் சோதிக்கும் டிஎன்எஸ்பிங் கட்டளை இந்த இன்ஸ்டன்ட் கிளையன்டில் வராது, சோதித்துப் பார்க்க எஸ்க்யூஎல் பிளஸ்தான் கை கொடுக்கும். ரெட்ஹேட் வகை சர்வர்களில் ஆர்பிஎம் பேக்கேஜ் போட்டுக்கொள்ளலாம், உபுண்டுவில் ஜிப் கோப்புதான். அந்த ஜிப்பை சர்வரிலேயே விரியுங்கள். விண்டோஸ் கணினியில் விரித்துவிட்டு வின்எஸ்சிபி வழியாக ஏற்றினால் உள்ளே இருக்கும் சிம்பாலிக் லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) உடைந்து, சில பைட் மட்டுமே உள்ள உரைக்கோப்புகளாகிவிடும். கிளையன்டின் முக்கிய லைப்ரரியான லிப்கிளண்ட்எஸ்எச்.எஸ்ஓ என்ற பெயரில் கோப்பு கண்ணுக்குத் தெரியும், ஆனால் லைப்ரரி ஏறாது. எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் அம்புக்குறியோடு லிங்க் தெரிய வேண்டும்.

உபுண்டு 24.04-ல் இன்னொரு முள் உண்டு. கிளையன்டுக்கு லிப்ஏஐஓ லைப்ரரி தேவை. இந்த உபுண்டுவில் அந்த பேக்கேஜின் பெயர் லிப்ஏஐஓ1டி64 என்று மாறிவிட்டது, கோப்பின் பெயரும் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 ஆகிவிட்டது. கிளையன்டோ லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 என்ற பழைய பெயரைத்தான் தேடும். பழைய பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டால் தீர்ந்தது. உங்கள் எஸ்க்யூஎல் பிளஸ் ஓடுகிறது என்றால் ஏதோ ஒரு விதத்தில் இதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அந்த லிங்கை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள், அடுத்த பகுதிக்கு அது முக்கியம். வேறு எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று அறிய லிப்கிளண்ட்எஸ்எச் கோப்பின் மேல் எல்டிடி கட்டளையை ஓட்டுங்கள். "நாட் ஃபவுண்ட்" என்று ஒரு வரிகூட வரக் கூடாது.

இனி டிபிஐ-1047. பலரும் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "என் லாகினில் வேலை செய்கிறதே" என்கிறீர்கள். உங்கள் லாகினில் வேலை செய்வது சர்வீஸைப் பற்றி எதையும் நிரூபிக்காது. நீங்கள் உள்ளே வந்ததும் பாஷ்ஆர்சி கோப்பு ஓடுகிறது. அதில் எல்டி_லைப்ரரி_பாத் (லைப்ரரியைத் தேட வேண்டிய பாதை) என்று நீங்கள் எழுதி வைத்த வரி உங்கள் ஷெல்லுக்கு மட்டும் தெரியும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிப்பது) தொடங்கி வைக்கும் சர்வீஸ் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. சுடோ போட்டு ஓட்டினாலும் அந்த மாறி வழியிலேயே உதிர்ந்துவிடும். அதுமட்டுமல்ல, கிளையன்டை உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் விரித்திருந்தால் வேறு யூசரால் அதைத் திறக்கவே முடியாது, உபுண்டு 21.04 முதல் ஹோம் டைரக்டரியின் அனுமதி 750 என்றுதான், அதாவது வெளி யூசர்களுக்கு எந்த அனுமதியும் இல்லாமல்தான் அமைகிறது. சர்வீஸ் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசராக ஓடினால், கோப்பு அங்கேயே இருந்தும் அதற்கு இல்லாதது போலத்தான்.

தீர்வு நேரானது. கிளையன்ட் ஃபோல்டரை ஆப்ட் டைரக்டரிக்கு நகர்த்துங்கள், எல்லா யூசருக்கும் படிக்கும் அனுமதி கொடுங்கள். ஈடிசி-க்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற டைரக்டரி இருக்கும். அதில் .கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, கிளையன்ட் ஃபோல்டரின் முழுப் பாதையை ஒரே வரியாக எழுதி, ரூட்டாக எல்டிகான்ஃபிக் (சிஸ்டத்தின் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். பிறகு எல்டிகான்ஃபிக் -பி கொடுத்து லிப்கிளண்ட்எஸ்எச் என்று தேடினால் பாதை வர வேண்டும். லிப்ஏஐஓ லிங்க்கும் சிஸ்டம் லைப்ரரி டைரக்டரியிலேயே இருக்கட்டும். இதற்குப் பிறகு எல்டி_லைப்ரரி_பாத் எங்குமே தேவைப்படாது. பாஷ்ஆர்சியிலிருந்தும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் உங்களுக்கு ஒரு வழியிலும் சர்வீஸுக்கு வேறு வழியிலும் லைப்ரரி ஏறும், அடுத்த அப்கிரேடின்போது குழப்பம் அங்கிருந்தே தொடங்கும். ஆரக்கிள்_ஹோம் மாறியையும் வைக்காதீர்கள். அது முழு கிளையன்டுக்கும் டேட்டாபேஸுக்கும் உரியது, இன்ஸ்டன்ட் கிளையன்டுக்கு அல்ல.

பைத்தான் பக்கத்தில் இனிட்_ஆரக்கிள்_கிளையன்ட் என்ற ஃபங்ஷனைத் தொடக்கத்தில் ஒருமுறை அழைத்தால்தான் திக் முறை இயங்கும். லிப்_டிர் என்று பாதை கொடுக்கும் வசதி அதில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். விண்டோஸிலும் மேக்கிலும் அது பயன்படும். லினக்ஸில் அதை நம்பக் கூடாது: புராசஸ் தொடங்கும் முன்பே லைப்ரரி பாதை சிஸ்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். குனிகார்ன் போன்ற ஒரு பைத்தான் வெப் சர்வரின் கீழ் பல வொர்க்கர்கள் ஓடினால், கனெக்‌ஷன் பூலை ஒவ்வொரு வொர்க்கரும் தாய் புராசஸிலிருந்து பிரிந்த பிறகு தனித்தனியாக உருவாக்கட்டும். பிரிவதற்கு முன் திறந்த ஒரே கனெக்‌ஷனை இரண்டு புராசஸ்கள் பகிர்ந்தால், எந்தப் பதில் யாருக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

சோதிப்பதையும் சர்வீஸ் யூசராகவே செய்யுங்கள். ஈஎன்வி -ஐ கட்டளையோடு வெறும் சூழலில், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசராக, இணைத்து "செலக்ட் 1 ஃப்ரம் டூயல்" கேட்கும் சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அது நடந்தால் சர்வீஸிலும் நடக்கும். அப்படியும் அடம்பிடித்தால் டிபிஐ_டீபக்_லெவல் மாறியை 64 என்று வைத்து ஓட்டுங்கள், எந்தெந்த இடத்தில் லைப்ரரியைத் தேடியது என்று வரிவரியாகச் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் எந்தப் பிரதியை ஏற்றியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், ப்ராக் டைரக்டரியில் அந்த புராசஸ் எண்ணின் கீழ் மேப்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் லிப்கிளண்ட்எஸ்எச் வரியைப் பாருங்கள், முழுப் பாதையும் அங்கே இருக்கும். பிஎச்பி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: பிஎச்பி-எஃப்பிஎம் இயல்பாகவே சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் வொர்க்கரைத் தொடங்கும், அதனால் அங்கேயும் எல்டிகான்ஃபிக் வழிதான் பிரச்சினையில்லாதது.

லைப்ரரி ஏறிவிட்டால் அடுத்தது முகவரி. டேட்டாபேஸ் முகவரிகள் எழுதப்படும் டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா கோப்பைக் கிளையன்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் நெட்வொர்க், அட்மின் என்ற உள்ஃபோல்டரில் வைத்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும். வேறு இடத்தில் வைத்தால் டிஎன்எஸ்_அட்மின் மாறி வேண்டும், அதை சிஸ்டம்டி யூனிட் கோப்பில் எழுத வேண்டும். ஒரே ஒரு டேட்டாபேஸ் என்றால் இந்தக் கோப்பே வேண்டாம், ஹோஸ்ட், 1521 போர்ட், சர்வீஸ் பெயர் (ஆரக்கிள் தன் டேட்டாபேஸுக்கு வைத்திருக்கும் பெயர், சிஸ்டம்டி சர்வீஸ் அல்ல) மூன்றையும் சேர்த்து ஈஸி கனெக்ட் வடிவில் கொடுத்துவிடலாம். எர்ரர் எண்ணே எங்கே தடை என்று சொல்லிவிடும். ஓரா-12154 வந்தால் பெயரைத் தீர்க்க முடியவில்லை என்று பொருள், அப்போது நெட்வொர்க்கைக் குடைய வேண்டாம், கோப்பு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். ஓரா-12170 வந்தால் பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது; நாகர்கோவில் விண்டோஸ் ஃபயர்வாலில் 1521 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓரா-12541 என்றால் அங்கே லிசனர் (இணைப்புக் கோரிக்கைகளை வாங்கும் ஆரக்கிள் புரோகிராம்) இல்லை, அல்லது லிசனர்.ஓரா கோப்பில் ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பார்கள்: அந்த சர்வருக்குள் எல்லாம் இணையும், வெளியிலிருந்து இணையாது. ஓரா-12514 வந்தால் லிசனர் வரை போய்விட்டீர்கள், சர்வீஸ் பெயர்தான் தவறு. பழைய மென்பொருள்காரர்கள் எஸ்ஐடி (டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸின் பெயர்) பெயரைத்தான் எழுதி வைத்திருப்பார்கள், ஈஸி கனெக்ட் கேட்பது சர்வீஸ் பெயரை. நாகர்கோவில் சர்வரில் லிசனர் கன்ட்ரோல் திறந்து சர்வீசஸ் என்று கேட்டால் சரியான பெயர் கிடைக்கும்.

1521 போர்ட்டை மட்டும் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்துவிடாதீர்கள். "தற்காலிகமாக" என்று ரவுட்டரில் திறந்தவை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் வயர்கார்ட் போன்ற விபிஎன் ஒன்று போட்டு, அதற்குள் மட்டும் போகட்டும்.

அடுத்து தமிழ். எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் கேள்விக்குறி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் என்எல்எஸ்_லாங் மாறி வைக்கப்படாதது. லினக்ஸில் அதை வைக்காவிட்டால் கிளையன்ட் தன்னை யூஎஸ்7ஆஸ்கி என்று கருதிக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லை, எல்லாம் கேள்விக்குறியாக மாறும். படிக்கும்போது இது வெறும் தோற்றம்தான், உள்ளே தரவு பத்திரமாக இருக்கும். ஆனால் அதே அமைப்போடு எழுதினால் மூல எழுத்து அழிந்தே போகும், மீட்க வழியில்லை. எனவே அமெரிக்கன்_அமெரிக்கா.ஏஎல்32யூடிஎஃப்8 என்று வைத்த பிறகே எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் எந்த இன்செர்ட்டும் செய்யுங்கள். பைத்தான் டிரைவர் இந்த மாறியின் எழுத்துக்குறிப் பகுதியைக் கண்டுகொள்ளாது, எப்போதும் யூடிஎஃப்-8-தான். அதனால் எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் கேள்விக்குறியும் அப்ளிகேஷனில் சரியான தமிழும் ஒரே நேரத்தில் தெரியலாம், பதற வேண்டாம்.

மாறியை வைத்த பிறகும் சரியாகவில்லை என்றால் டேட்டாபேஸையே கேளுங்கள். என்எல்எஸ்_டேட்டாபேஸ்_பாராமீட்டர்ஸ் என்ற வியூவில் என்எல்எஸ்_கேரக்டர்செட் வரியைப் பாருங்கள். ஏஎல்32யூடிஎஃப்8 என்றால் நல்லது. டபிள்யூஇ8எம்எஸ்வின்1252 என்றால் அந்த டேட்டாபேஸின் சாதாரண வார்சார்2 (எழுத்துகளைச் சேமிக்கும் வகை) நெடுவரிசையில் யூனிகோட் தமிழ் ஏறவே ஏறாது. அப்படிப்பட்ட பழைய மென்பொருட்களில் தமிழ் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், திரையில் எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. எந்த கிளையன்டும் இதைச் சரிசெய்யாது. அப்ளிகேஷனில் பாமினியை யூனிகோடாக மாற்றும் ஒரு ஃபங்ஷன் வைத்துக்கொள்ள வேண்டும், புதிதாக எழுதுவதற்கு என்வார்சார்2 (யூனிகோட் எழுத்துகளுக்கான வகை) நெடுவரிசை சேர்க்க வேண்டும். எது நிலவரம் என்று உறுதிசெய்ய டம்ப் ஃபங்ஷனில் 1016 கொடுத்து ஒரு பெயரைப் பாருங்கள். "க" என்ற எழுத்து ஈ0, ஏஈ, 95 என்று மூன்று பைட்டாகத் தெரிந்தால் அது உண்மையான யூடிஎஃப்-8.

அந்த மூன்று பைட் இன்னொரு இடத்திலும் கடிக்கும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, உயிர்மெய்யின் குறி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஊர்ப் பெயர் நெடுவரிசை வார்சார்2(30) என்று இருந்தால், அது இயல்பாக 30 பைட், 30 எழுத்து அல்ல. அருமனை 18 பைட், ஏறிவிடும். குலசேகரம் 27, அதுவும் ஏறிவிடும். மார்த்தாண்டம் 39 பைட். ஓரா-12899 என்று திருப்பி அனுப்பும். இப்படி அருமனைக்காரர் பெயரில் பில் விழுந்து, பக்கத்து ஊர்க்காரருக்கு விழாதபோது எல்லோரும் கிளையன்டைத்தான் சந்தேகிப்பார்கள். நெடுவரிசையை வார்சார்2(30 சார்) என்று மாற்றுங்கள், எழுத்துக்குறி எண்ணிக்கையில் கணக்கிடும். தலைமை அலுவலகத்தின் பழைய மென்பொருளும் அதே டேபிளைத் தொடுகிறது என்றால், மென்பொருள் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் இன்டர்நெட் லைன். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. லைனும் கரண்டும் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதக் கூடாது. டிஎன்எஸ் விவரத்தில் டிரான்ஸ்போர்ட்_கனெக்ட்_டைம்அவுட் 5 வினாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஷீட் கொண்டுவந்தவர் ஒரு நிமிடம் வரை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை நடுவிலுள்ள ரவுட்டர் வெட்டிவிடாமல் இருக்க எக்ஸ்பயர்_டைம் மதிப்பைச் சில நிமிடங்களில் கொடுங்கள். 19 கிளையன்ட் இதை இணைப்பு விவரத்திலேயே ஏற்கும். டேட்டாபேஸிடம் கேட்கும் ஒவ்வொரு குவெரிக்கும் கால்_டைம்அவுட் வரம்பும் வையுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் ஒரு சிக்கல் மிஞ்சும், அதுதான் பணத்தைத் தொடும். கமிட் (பதிவை நிரந்தரமாக்கும் கட்டளை) அனுப்பிய நொடியில் லைன் போனால், அங்கே ஏறியதா இல்லையா என்று உங்கள் அப்ளிகேஷனுக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே ஷீட்டுக்கு இரண்டு பில் விழலாம். எனவே எடை போடும்போதே குடோனில் ஒரு சீட்டு எண் உருவாக்கி, நாகர்கோவில் டேபிளில் அந்த எண் ஏறும் நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை ஏறாது) வையுங்கள். பதிவை முதலில் உள்ளூர் ஃபைலிலோ எஸ்க்யூலைட்டிலோ எழுதிவிட்டு அங்கிருந்து அனுப்புங்கள். திரும்ப அனுப்பும்போது ஓரா-00001 வந்தால் அது எர்ரர் அல்ல, முன்பே ஏறிவிட்டது என்ற நல்ல செய்தி. கிளையன்ட் அமைப்பைவிட இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

யூசர் விஷயத்தில் சுருக்கமாக: டேபிளின் சொந்தக்கார யூசராக இணைக்காதீர்கள். குடோனுக்கென்று தனி யூசர், வேண்டிய டேபிள்களில் மட்டும் அனுமதி. 11ஜி-யின் டிஃபால்ட் புரொஃபைலில் பாஸ்வேர்டு 180 நாளில் காலாவதியாகும், பத்து முறை தவறினால் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும். சர்வீஸ் பழைய பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்ப முட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ஓரா-28000 வந்து நிற்கும். அந்த யூசருக்கு ஒரு தனி புரொஃபைல் உருவாக்கி, பாஸ்வேர்டு மாற்றும் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

11ஜி ரிலீஸ் 2-க்கு ஆரக்கிளின் நீட்டித்த ஆதரவும் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. தலைமை அலுவலகத்தில் 19-க்கு மாற்றும் பேச்சு வந்தால், இப்போது போட்டிருக்கும் 19 கிளையன்ட் அப்படியே ஓடும். எழுத்துக்குறி அமைப்பை அந்தச் சமயத்தில் ஏஎல்32யூடிஎஃப்8 ஆக்கிவிடச் சொல்லுங்கள். மாறிய பிறகு தின் முறைக்கும் போகலாம், லைப்ரரி வேலையே இல்லாமல் போகும். அப்போது டிபிஒய்-3015 வந்தால் அந்த யூசரின் பாஸ்வேர்டு 10ஜி காலத்து வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பாஸ்வேர்டை ஒருமுறை புதிதாக அமைத்தால் சரியாகிவிடும்.